புலி பார்த்த குடும்பம்

எங்கள் குடும்பத்தில் புலியைப் பார்த்தவர்கள் யாரும் கிடையாது. ஆனால் புலி எங்களைப் பார்த்திருக்கிறது என்று என் அம்மா அடித்துச் சொல்கிறாள். அதை மறுக்க என்னிடம் தைரியமும் இல்லை, ஆதாரமும் இல்லை.

எல்லாம் ஒரு ஏப்ரல் காலையில், செய்தித்தாளுக்குள் சொருகி வந்த நோட்டீஸில் தொடங்கியது. கோடை வகுப்புகள். அபாகஸ், ரோபாட்டிக்ஸ், கையெழுத்துப் பயிற்சி, ஆளுமை வளர்ச்சி. நாலாம் வகுப்புப் படிக்கும் சின்னவனுக்கு ஏற்கெனவே இருக்கிற ஆளுமையையே வீட்டில் எங்களால் தாங்க முடியவில்லை. அதை வளர்க்க வேறு பணம் கட்ட வேண்டுமாம். கட்டணம் எவ்வளவு என்று கீழ்க்கோடியில் தேடிப் பிடித்துப் படித்தேன். படித்த கணமே எனக்கு இயற்கையின் மேல் பெரும் பற்று உண்டாயிற்று.

"காடுதான் உண்மையான பள்ளிக்கூடம். இந்த லீவுல பிள்ளைங்களைத் தேசியப் பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று அறிவித்தேன்.

"பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டதே அதுங்க கொஞ்சம் நிம்மதியா இருக்கத்தாங்க" என்றாள் மனைவி. அவள் எப்போதும் இப்படித்தான். என் திட்டங்களைத் தொடக்கத்திலேயே சரியாகப் புரிந்துகொண்டுவிடுவாள்.

சிக்கனத்தை முன்னிட்டு முதல் பாடம் கிண்டியில். சென்னையில் இருக்கிறவர்களுக்கு இது ஒரு வசதி. மற்ற ஊர்க்காரர்கள் தேசியப் பூங்காவுக்கு மலையேற வேண்டும். நாம் மாநகரப் பேருந்து ஏறினால் போதும். மொத்தப் பரப்பே சுமார் 2.7 சதுர கிலோமீட்டர். நாட்டின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று. ஒரு பக்கம் ஆளுநர் மாளிகை, இன்னொரு பக்கம் ஐ.ஐ.டி., சுற்றிலும் ஓயாத போக்குவரத்து. நடுவே வெளிமானும் புள்ளிமானும் குடித்தனம் நடத்துகின்றன. அந்த விலாசத்தில் ஒரு கிரவுண்டு வாங்க என் மேலதிகாரியால்கூட முடியாது.

சிறுவர் பூங்கா வாசலிலேயே நான் பாடத்தை ஆரம்பித்துவிட்டேன். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், சரணாலயத்துக்கும் தேசியப் பூங்காவுக்கும் உள்ள வேறுபாடு, வெளிமானின் முறுக்குக் கொம்பு ஆணுக்கு மட்டும் ஏன் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன். சின்னவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கேட்டான்: "அப்பா, ராத்திரி பூரா ஹார்ன் அடிச்சா மானுக்குத் தூக்கம் வருமா?"

என் பாடத்திட்டத்தில் அது இல்லை. "பக்கத்துல பாம்புப் பண்ணை இருக்கு, வா" என்றேன்.

ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய பாம்புப் பண்ணை அது. அங்கே அவன் அடுத்த கேள்வியைக் கேட்டான்: "பாம்பு பொந்துக்குள்ள இருக்குமே. அப்புறம் எப்படிப் பிடிக்கிறாங்க?" இந்த முறை எனக்குப் பதில் தெரிந்திருந்தது. விட்டேக்கருக்கே பாம்பின் தடம் படிக்கச் சொல்லிக்கொடுத்தவர்கள் நம் இருளர் பழங்குடியினர். வளையின் வாயில் மண் வழுவழுவென்று தேய்ந்திருக்கிறதா, உரித்த சட்டையின் துணுக்கு கிடக்கிறதா என்று பார்த்தே உள்ளே ஆள் இருக்கிறாரா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவிலும் அதைச் சுற்றிய பகுதிகளிலும் பர்மா மலைப்பாம்புகள் பெருகிப்போய், அங்கிருந்த முயல், ரக்கூனையெல்லாம் தின்று தீர்த்தன. ஆசைக்கு வளர்த்தவர்கள், பெரிதானதும் பயந்துபோய் விட்டுவிட்ட பாம்புகளின் வம்சம். அவற்றைப் பிடிக்க 2017-இல் நம் ஊரிலிருந்து இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அங்கே போனார்கள். இரண்டு வாரத்துக்குள் பதின்மூன்று மலைப்பாம்புகள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

"அவங்க எந்த ஸ்கூல்ல படிச்சாங்க?" என்றாள் மூத்தவள். எட்டாம் வகுப்பு. குறைவாகப் பேசுவாள், அதனாலேயே எனக்கு அவளிடம் கொஞ்சம் பயம்.

"காட்டுலதான்."

"அப்ப அங்க யாரு கேள்வித்தாள் குடுத்தது?"

அவள் குத்தலாகக் கேட்டாள் என்பது எனக்குப் புரியவில்லை. நல்ல யோசனையாகத் தோன்றியது. அடுத்த வாரமே முதுமலைப் பயணத்துக்கு ஒரு வினாத்தாள் தயாரித்தேன். மொத்த மதிப்பெண் 40. முதுமலை சரணாலயமான ஆண்டு? (1940.) புலிகள் காப்பகமான ஆண்டு? (2007.) உள்வட்டப் பரப்பு? (321 சதுர கிலோமீட்டர்.) மாநில விலங்கு? (வரையாடு.) மாநிலப் பறவை? (மரகதப்புறா.) காட்டில் நனைந்துவிடக் கூடாதே என்று லேமினேஷனும் செய்தேன். ஜெராக்ஸ் கடைக்காரர், "டியூஷன் சென்டர் வெச்சிருக்கீங்களா சார்?" என்று மரியாதையாகக் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஐந்து ரூபாய் குறைத்துக்கொண்டார்.

நீலகிரி எக்ஸ்பிரஸில் மேட்டுப்பாளையம், அங்கிருந்து வாடகைக் கார். கூடவே அம்மா. "காட்டுல பிள்ளைங்களுக்கு என்ன கிடைக்கும்?" என்று புளியோதரை கட்டிக்கொண்டாள். அத்தோடு தன் கல்யாணத்துக்குச் சீராக வந்த பித்தளைக் கூஜா. சென்ட்ரல் ஸ்டேஷனில் அந்தக் கூஜாவைப் பார்த்து நானும் மனைவியும் அடைந்த வெட்கம் கொஞ்சமல்ல. நீலகிரிச் சோதனைச் சாவடியில் காட்சி மாறியது. இ-பாஸ் கேட்டார்கள், பெருமையாகக் காட்டினேன். பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்றார்கள். நான்கு பாட்டில்கள் கைமாறின. கூஜாவுக்குச் சோதனையாளர் ஒரு புன்சிரிப்பு தந்தார். அன்று முழுவதும் அம்மா கேட்டவர்களுக்கு மட்டும், கேட்ட அளவுக்கு மட்டும் தண்ணீர் கொடுத்தாள்.

ஊட்டியில் ஒரு முக்கியமான காரியம் நடந்தது. வர்க்கி வாங்கினேன். பக்கத்து வீடுகளுக்கு என்று சொல்லித்தான் வாங்கினேன். எனக்குச் சர்க்கரை. மூன்று மாதச் சராசரி என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறதே, அதில் வரும் எண் என் பத்தாம் வகுப்புக் கணக்கு மதிப்பெண்ணைப் போல வீட்டில் எல்லோர் வாயிலும் புரளும். ஊட்டி வர்க்கியின் லட்சணம் தெரியும்தானே? ஏடு ஏடாக இருக்கும், தொட்டால் உதிரும். அதை யாருக்கும் தெரியாமல் தின்பது தேர்ந்தவர்களால்தான் முடியும். கூடலூர்ப் பாதையில் ஒரு தேநீர்க் கடையில் மற்றவர்கள் இறங்கிய நேரம் பார்த்து, ஒரு பொட்டலத்தின் சணலை அவிழ்த்தேன். இரண்டே இரண்டு. சணலைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். கார் சீட்டையும் தட்டிவிட்டேன். தடயம் ஏதும் இல்லை என்று நினைத்தேன்.

மாலையில் முதுமலைத் தெப்பக்காடு. யானைகள் முகாமில் உணவு நேரம். இந்த முகாமைப் பற்றிய ஆவணக் குறும்படம் 2023-இல் ஆஸ்கர் வாங்கிய பிறகு, வருகிறவர்கள் எல்லாம் அதில் வந்த பொம்மன், பெள்ளி, யானை ரகு என்று பெயர் சொல்லியே கேட்கிறார்கள். எங்களை இழுத்தது அங்கிருந்த பலகை. ஒவ்வொரு யானைக்கும் பெயர் போட்டு, அதற்கு எவ்வளவு ராகி, எவ்வளவு கொள்ளு, எவ்வளவு அரிசி, எவ்வளவு வெல்லம், உப்பு எத்தனை, தாதுக்கலவை எத்தனை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ராகிக் களியைத் தலையளவு உருண்டைகளாக வெட்டி, பாகன் வாய்க்குள் நேராகக் கொடுக்கிறார். மனைவி பலகையை மேலிருந்து கீழ்வரை படித்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ராகி, கொள்ளு. டாக்டர் உங்களுக்குச் சொன்னது அப்படியே இருக்கு பாருங்க. நாலு டன் உடம்பு, முகம் சுளிக்காம சாப்பிடுது."

"அதுக்கு வெல்லம் தர்றாங்க" என்றேன்.

"அது நடக்குது."

பிறகு நான் பேசவில்லை. யானைக்கு முன்னங்காலில் ஐந்து நகம், பின்னங்காலில் நான்கு என்று சின்னவன் தானே எண்ணிக் கண்டுபிடித்தான். என் வினாத்தாளில் அந்தக் கேள்வி இல்லாததால் மதிப்பெண் போட முடியவில்லை.

தடுப்புக்கு வெளியே, ஈரமண்ணில் ஒரு கால் தடம் பதிந்திருந்தது. வட்டமாக, பெரிய தாம்பாளத்தை அமுக்கி எடுத்ததுபோல. மூத்தவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். வேலை முடிந்து வந்த வயதான பாகன் ஒருவர் அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"உசரம் தெரியணுமா பாப்பா? முன்னங்கால் தடம் இது. சுத்தி அளந்து ரெண்டால பெருக்கு. தோள் வரைக்கும் உசரம் வந்துரும்."

"அளக்க என்ன இருக்கு?" என்று எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தோம். உற்சாகத்தில் நிதானம் போய்விட்டது எனக்கு. பாக்கெட்டில் கைவிட்டுச் சணலை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

அவள் சணலைக் கையில் வாங்கினாள். ஒரு நொடி பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் குனிந்து தடத்தைச் சுற்றிச் சணலை வைத்தாள். சணலின் நீளத்தை அளக்க என் வினாத்தாளைக் கேட்டாள். லேமினேஷனின் ஓரத்தை ஒதுக்கி, உள்ளே இருந்த தாளின் நீளத்துக்குச் சரியாக நான்கு முறை வந்தது சணல்.

"ஏ-ஃபோர் 29.7 சென்டிமீட்டர். நாலு தடவை, 118.8. ரெண்டால பெருக்கினா 237.6. ஏழே முக்கால் அடி."

பதினெட்டு வருஷமாக அலுவலகத்தில் அந்தத் தாளில்தான் காலம் தள்ளுகிறேன். அதன் நீளம் எனக்குத் தெரியாது. பாகன் சிரித்தார். "சரிதான். நம்ம பொம்பளை யானை ஒண்ணு, அந்த உசரம்தான்." நாற்பது கேள்விகள் கொண்ட என் வினாத்தாளால் நடந்த முதல் நல்ல காரியம், அது அளவுகோல் ஆனது. மூத்தவள் தன் நோட்டை எடுத்து ஏதோ எழுதினாள். யானையைப் பற்றித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் விடியலில் வனத்துறை வண்டியில் காட்டுக்குள் போனோம். எங்களோடு இன்னும் இரண்டு குடும்பங்கள். ஒருவர் ஏறியதும் ஓட்டுநரிடம், "புலி எத்தனை மணிக்கு வரும்?" என்றார். ஓட்டுநர், "போன் எடுக்க மாட்டேங்குது சார்" என்றார். நான் என் பங்குக்குப் பிள்ளைகளிடம் இலையுதிர் காடு, முட்புதர்க் காடு என்று ஆரம்பித்தேன். முன்னால் உட்கார்ந்திருந்த வழிகாட்டி திரும்பிப் பார்த்தார்.

"சார், நீங்க நல்லா சொல்றீங்க. காடும் கொஞ்சம் சொல்லட்டுமே."

வாயை மூடினேன். மனைவி அவருக்கு மனமார நன்றி சொல்வதுபோல் தலையசைத்தாள்.

வண்டி முதலில் நின்ற இடத்தில் புலி இல்லை, யானை இல்லை, சாணம் இருந்தது. புலி நேரம் கேட்டவர் கேமராவை மூடிவிட்டார். வழிகாட்டி வண்டியிலிருந்தபடியே படித்தார். நேற்று இரவுக்குப் பிறகு போட்டது. மேலே இன்னும் காயவில்லை. பெரிய உருண்டைகளுக்குப் பக்கத்தில் எலுமிச்சையளவு உருண்டைகள். ஆகவே கூடவே குட்டி. கிளறியிருக்கிறது, காட்டுக்கோழி விதை பொறுக்கியிருக்கிறது. யானை தின்பதில் பாதிகூடச் செரிப்பதில்லை. நார், இலை, விதை எல்லாம் அப்படியே வெளியே வரும். அதில்தான் வண்டும் பூச்சியும் பறவையும் பிழைக்கின்றன, அதில்தான் மரமும் முளைக்கிறது.

"யானை சாப்பாட்டுல பாதியைத் தானம் பண்ணிருது" என்றாள் அம்மா.

சின்னவன் சாணத்தை அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தான். வகுப்பில் கரும்பலகையை அவன் ஒருநாளும் அப்படிப் பார்த்ததாக எந்த ஆசிரியரும் என்னிடம் சொன்னதில்லை.

கொஞ்ச தூரத்தில் ஒரு பெரிய மரம். மேலே சாம்பல் மந்திகள், கீழே புள்ளிமான்கள். மந்திகள் பாதி தின்று பாதி எறிந்துகொண்டிருந்தன. விழுகிற இலையையும் காயையும் மான்கள் மென்றன. வழிகாட்டி கிசுகிசுப்பாகச் சொன்னார்: "இதுங்க ரெண்டும் கூட்டாளிங்க. மேல இருக்கிறது தின்ன போடும், தூரத்துல புலியோ சிறுத்தையோ வந்தா கண்டு சத்தமும் குடுக்கும். கீழ இருக்கிறதுக்கு மோப்பம் ஜாஸ்தி. அது முன்னாடி கண்டுபிடிச்சா அது கத்தும்."

அவர் சொல்லி முடிக்கவில்லை, ஒரு மந்தி இருமியது. ஆமாம், இருமல்தான். வறட்டு இருமல் மாதிரி, உடைந்து உடைந்து. மான்கள் தலை தூக்கின. வால்கள் நிமிர்ந்தன. ஒரு மான் விசில் போல 'கீங்' என்றது. எல்லா மூக்கும் ஒரே திசையில், சாலையோரத்து உண்ணிச்செடிப் புதரை நோக்கித் திரும்பின. ஓட்டுநர் இன்ஜினை அணைத்தார்.

பத்து நிமிடம். என் வாழ்நாளில் பிள்ளைகள் விழித்திருக்கும்போது வீட்டிலோ வெளியிலோ இவ்வளவு நேர மௌனம் நான் கண்டதில்லை. புதர் அசையவில்லை. ஒரு இலை விழுந்தது; எல்லோரும் மூச்சை இழுத்தோம். மந்தி இன்னும் இரண்டு முறை இருமியது. பிறகு நிறுத்திக்கொண்டது. மான்கள் தலையைத் தாழ்த்தின. அவ்வளவுதான்.

"ஒண்ணுமே வரலையே" என்றார் புலி நேரம் கேட்டவர்.

"வந்துச்சு சார். போயிருச்சு" என்றார் வழிகாட்டி.

அம்மா கூஜாவை மடியில் சாய்த்துக்கொண்டு சொன்னாள்: "நாம பாக்கலைன்னா என்ன? அது நம்மளை நல்லா பாத்துருக்கும். எங்க ஊர்லயும் இப்படித்தான். மைனா கூட்டமா கத்துச்சுன்னா வேலியில பாம்புன்னு அர்த்தம். அணில் விடாம கத்துச்சுன்னா பூனை. போய்ப் பாத்தா தப்பாது."

வழிகாட்டி திரும்பி அம்மாவை ஒரு சக ஊழியரைப் பார்ப்பதுபோல் பார்த்தார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் என் அம்மா. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் நான் இதையெல்லாம் அவளிடம் கேட்டதில்லை. கேட்கத் தோன்றியதும் இல்லை. நான் காட்டிலிருந்து சென்னைக்குக் கொண்டுவந்ததில் உருப்படியான அறிவு இது ஒன்றுதான்; இதற்கும் முந்நூற்று இருபத்தொரு சதுர கிலோமீட்டர் தேவைப்பட்டது.

வினாத்தாள் எழுதப்படவேயில்லை. திரும்பும்போது சின்னவன் அதைக் காரில் விசிறியாகப் பயன்படுத்தினான்.

சென்னை வந்த மூன்றாம் நாள் மத்தியானம், வீட்டு மதிலில் ஒரு அணில் வாலை வெட்டி வெட்டி விடாமல் கத்தியது. அந்தச் சத்தம் தினமும் கேட்கிற சத்தம்தான். நாங்கள் அதை ஃபேன் சத்தம்போல் பழகிவிட்டிருந்தோம். சின்னவன் டிவியை அப்படியே விட்டுவிட்டு மாடிப்படியில் பூனைநடை போட்டு இறங்கினான். "பூனை! பாட்டி சொன்னது கரெக்ட்!" என்று கீழிருந்து கத்தினான். பூனை உட்பட எல்லோரும் ஓடிவிட்டார்கள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. மூத்தவளுக்கு மா. கிருஷ்ணனைப் பற்றிச் சொன்னேன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். சென்னையில் வாழ்ந்துகொண்டே, 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950-இலிருந்து 1996 வரை காட்டையும் கொல்லைப்புறத்தையும் பற்றி எழுதிக்கொண்டே இருந்தவர். யானையைப் பார்த்த அதே கண்ணால் காக்காயையும் அணிலையும் பார்த்தவர். தியடோர் பாஸ்கரன் தொகுத்த அவருடைய தமிழ்க் கட்டுரைகளை, 'மழைக்காலமும் குயிலோசையும்' புத்தகத்தை, வாங்கிக் கொடுத்தேன். "நீயும் பாக்கிறதை எல்லாம் நோட்டுல எழுதணும். எங்க பாத்த, எத்தனை மணிக்கு, என்ன தடயம். நேர்ல பாக்கலைன்னாலும் பரவாயில்லை" என்றேன். இந்தக் கடைசி வாக்கியத்தை நான் சொல்லியிருக்கக் கூடாது.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த நோட்டு சாப்பாட்டு மேசையில் திறந்து கிடந்தது. பிள்ளைகளின் நோட்டைப் பார்ப்பது தகப்பனின் கடமை என்று எடுத்துப் படித்தேன். முதல் பக்கத்தில் யானைத் தடம், படத்தோடு. கணக்கு சரியாக இருந்தது. அடுத்து சாணம். அடுத்து மதில் அணில். நான்காம் பக்கத்தில் அழகான கையெழுத்தில் இருந்தது இதுதான்:

"விலங்கு: அப்பா. நேரில் கண்டது: இல்லை. நடமாடும் நேரம்: இரவு 11 மணிக்கு மேல். வாழிடம்: பாட்டி அலமாரி முதல் பால்கனி வரை. தடயங்கள்: 1. சட்டைப் பாக்கெட்டில் சணல். வெண்ணெய் வாசனை (தெப்பக்காடு). 2. பால்கனித் தரையில் மெல்லிய ஏடுகள், கிழக்குப் பக்கமாக உதிர்ந்துள்ளன. எனவே நின்றுகொண்டு தின்றிருக்கிறது. 3. எறும்பு வரிசை. பக்கத்து வீடுகளுக்கு வாங்கியது ஆறு பொட்டலம், கொடுத்தது மூன்று.

உறவு: மந்தி, மான் உறவைப் போன்றது. பாட்டி மேலே இருந்து தின்னப் போடுகிறாள். அம்மா வரும்போது இருமுகிறாள். பாட்டிக்குச் சளி இல்லை.

புலி: அம்மா."

நோட்டை இருந்த இடத்தில், இருந்த கோணத்தில் வைத்தேன். கோணத்தையும் அவள் குறித்து வைத்திருப்பாள். மகளிடம் தனியாகப் பேசினேன். புலிக்குத் தகவல் போகாமலிருக்க அவள் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தாள். அடுத்த விடுமுறைக்கு மன்னார் வளைகுடாக் கடல்வாழ் தேசியப் பூங்கா. நிறையத் தீவு இருக்கிறதாம், பவளப்பாறை இருக்கிறதாம். வினாத்தாள் கூடாது. பாட்டி கட்டாயம் வர வேண்டும். ஒப்புக்கொண்டேன். அந்த நோட்டீஸில் போட்டிருந்த கோடை வகுப்புக் கட்டணத்தைவிட இது நான்கு மடங்கு ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கல்விக்குச் செலவு பார்க்கக் கூடாது.

இப்போது மணி பதினொன்றே கால். வீடு அடங்கிவிட்டது. இதை எழுதிக்கொண்டே பால்கனியில் நிற்கிறேன். இந்த முறை கீழே செய்தித்தாள் விரித்திருக்கிறேன்.

உள்ளே அம்மா இருமுகிறாள்.